கதவு அத்தை பொறுப்பு

அக்டோபர் 3, வியாழன்

எங்கள் சாப்பாட்டு மேசை இன்று பறிபோனது. இனி அது கொலுவுக்கு அடித்தளம். மேசை மேல் பிளாஸ்டிக் பெட்டிகள், முன்னால் என் புத்தக அடுக்கு, அதற்கும் முன்னால் இன்னும் பெட்டிகள், எல்லாவற்றையும் மூடி வெள்ளை வேட்டி. ஏழு படி. உச்சியில் இருக்கும் பிள்ளையாரின் தலைக்கும் சீலிங்குக்கும் நடுவே என் கை நுழையாது. நான் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

அத்தை, அதாவது மாறனின் அம்மா சௌந்தரவல்லி, பாளையங்கோட்டையிலிருந்து வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. மாமா போன வருடம் தவறிவிட்டார். அம்மா தனியாக இருக்க வேண்டாம் என்று மாறன் போய் அழைத்துவந்தான். அழைத்துவந்தவன் இப்போது ஆபீஸ் வேலையாக ஜெர்மனிக்குப் பறந்துவிட்டான். பதினான்காம் தேதிதான் வருவான். ஆக, ஜப்பானில், ஹமாமட்சு ஊரில், மூன்றாவது மாடி வீட்டில், ஒருவரையொருவர் அவ்வளவாகப் பிடிக்காத இரண்டு பெண்கள். இதை இந்த நோட்டில்தான் எழுத முடியும்.

இரண்டு பெட்டி நிறைய பொம்மை கொண்டுவந்தார். துணிமணி எல்லாம் கைப்பையில். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ஒவ்வொரு சாமியாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பக் காகிதம் சுற்றிக் கொடுத்ததை அத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். "நம்மூர்ல எவன் சுத்திக் குடுப்பான்?"

நான் ஈரோட்டுக்காரி. எங்கள் வீட்டில் கொலு வைக்கும் வழக்கம் இல்லை. கலசம் வைத்துவிட்டால் விஜயதசமி முடிகிறவரை எதையும் அசைக்கக் கூடாது என்பதே இன்றுதான் எனக்குத் தெரியும். முன்பே தெரிந்திருந்தால் மேசையை விட்டிருக்க மாட்டேன்.

சாயங்காலம் கீழ்வீட்டு ஒகாவாம்மா கொலு பார்க்க வந்தார். எழுபது வயது இருக்கும். எங்கள் கட்டடத்துக்கு நிலநடுக்கப் பாதுகாப்புப் பொறுப்பு அவருடையது. மண்டி போட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துவிட்டு ஜப்பானிய மொழியில் கேட்டார்: "எதை வைத்து இறுக்கியிருக்கிறீர்கள்?"

"என்ன சொல்லுதா?" என்றார் அத்தை.

"ரொம்ப அழகா இருக்குதாமுங்க."

அத்தை அவருக்கு இரண்டு கரண்டி சுண்டல் கூடவே வைத்தார்.

அக்டோபர் 5, சனி

இப்போது பூமி ஆடவில்லை. அடுத்த ஆட்டத்துக்குள் எழுதிவிட வேண்டும்.

மதியம் உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். போன் அலறியது. நிலநடுக்கம் வரப்போகிறது என்று எச்சரிக்கும் அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டால் போதும், ஆயுசுக்கும் மறக்காது. அலறல் முடிவதற்குள் ஆட்டம் வந்துவிட்டது. நான் வேலை பார்க்கும் மேசைக்கு அடியில் புகுந்து அதன் காலைக் கட்டிக்கொண்டேன். ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. அலமாரிக் கதவு தானாகத் திறந்து தானாக மூடியது. "அத்தை, கீழ உக்காருங்க! தலையை மூடிக்கங்க!" என்று கத்தினேன். பதிலே இல்லை.

நின்றதும் ஓடிப்போய்ப் பார்த்தால், அத்தை இரண்டு கையையும் விரித்துக் கொலுவை அணைத்தபடி நிற்கிறார். வலது உள்ளங்கைக்குக் கீழே கலசத்துத் தேங்காய். முகத்தில் பயம் என்பது மருந்துக்கும் இல்லை. ஸ்கூலில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி நின்றார்.

"பாத்தியா? நான் பிடிச்சேன், நின்னுட்டு. ஒண்ணாவது விழுந்துச்சா?"

செட்டியார் பொம்மை மட்டும் குப்புறக் கிடந்தது. அதை நிமிர்த்தி வைக்கும்போதுதான் மேலே பார்த்தேன். ஏழு படி மண்ணும் பெட்டியும். அதற்கு நேர் கீழே, முழங்கால் வலியால் சட்டென்று நகரக்கூட முடியாத ஒரு மனுஷி. இன்று தப்பித்தது பெட்டிகளின் தயவு. அத்தையோ தன் கையால் தப்பித்தது என்று நம்புகிறார்.

கேஸ் தானாகவே நின்றிருந்தது. வெளியே போய் மீட்டரில் பொத்தானை அமுக்கி மறுபடி வரவழைத்தேன். இங்கே ஆட்டத்தின் கடுமையை ஏழு வரைக்கும் எண்ணுவார்கள். இன்று எங்கள் ஊருக்கு ஐந்து. ஆறு என்றால் ஆளால் நிற்க முடியாது. செய்தியில் சொன்னார்கள்: இது முன்னோட்டமாக இருக்கலாம், இதைவிடப் பெரியது பின்னால் வரலாம், வராமலும் போகலாம், ஒரு வாரத்துக்கு எல்லோரும் விழிப்பாக இருங்கள்.

ஒரு வாரம் என்றால் விஜயதசமி வரைக்கும்.

அக்டோபர் 6, ஞாயிறு

குளியல் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்தேன். கண்ணாடி உடைந்து கிடந்தால் கால் கிழியும் என்பதால் படுக்கை ஓரத்தில் ஆளுக்கொரு ஜோடி செருப்பு. அவசரப் பையில் டார்ச், ரேடியோ, பாஸ்போர்ட், வெந்நீர் ஊற்றினால் சோறாகும் பொட்டலங்கள், அத்தையின் பிரஷர் மாத்திரை, இந்த நோட்டு. கடையில் தண்ணீர் பாட்டில் இருந்த இடம் காலி. கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன்.

அத்தை தனக்கென்று தனிப் பை கட்டிக்கொண்டார். திறந்து பார்த்தேன். திருநீறு, குங்குமம், மாமாவின் போட்டோ, அரைக் கிலோ கொண்டைக்கடலை.

"அத்தை, கொலுவை எடுத்துரலாமுங்க. இந்த ஒரு வாரம் மட்டும்."

"கலசம் வச்சாச்சுல்லா."

"சரி, மேல இருக்கற பெரிய பொம்மைகளையாவது கீழ்ப் படியில வைக்கலாமே."

"சாமி மேல, செட்டியார் கீழ. நாளைக்கு நீ செட்டியாரத் தூக்கி உச்சியில வைக்கச் சொல்லுவ."

சாப்பாட்டு மேசையாவது காலியானால் ஆட்டம் வரும்போது அதற்கடியில் புகுந்துகொள்ளலாம் என்றேன். அத்தை தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார். "இது மடங்கி எம்புட்டு வருசமாச்சு. நான் எங்கன போயி புகுற?"

மாறனுக்குப் போன் போட்டேன். "அம்மா நான் சொன்னா கேப்பாளா மதி? நீயே பாத்து பக்குவமாச் சொல்லு." ஜெர்மனியில் தரை ஆடாது. அவன் பக்குவம் பேசலாம்.

அக்டோபர் 7, திங்கள்

சமையலறைக்கும் வாசல் கதவுக்கும் நடுவே சின்ன நடை ஒன்று இருக்கிறது. அங்கே தலையில் விழ ஒன்றுமில்லை. ஒரு நாற்காலி போட்டு, அதில் ஒரு தலையணை வைத்தேன். நான் தட்டைத் தட்டினால் அத்தை நடைக்கு வந்து உட்கார்ந்து, குனிந்து, தலையணையால் தலையை மூடிக்கொள்ள வேண்டும். காலையில் ஒத்திகை பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் பிரமாதமாகச் செய்தார்.

மதியம் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். சின்னதாக ஓர் ஆட்டம். அடுப்பை எரியவிட்டு நேராகக் கொலுவுக்குப் போய் அணைத்துக்கொண்டார். நான்தான் ஓடி அடுப்பை நிறுத்தினேன். கடுகு கருகி வீடெல்லாம் புகை. ஒத்திகை எல்லாம் ஆற்றில் கரைத்த புளி.

கத்திவிட்டேன். "உங்க மேல விழுந்தா மாறனுக்கு நான் என்ன பதில் சொல்றதுங்க?"

"அதான உன் கவல" என்றார் அத்தை.

ஆமாம், அதுதான் என் கவலை என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏனோ அந்தச் சொல் நாள் முழுக்கக் குத்திக்கொண்டே இருந்தது.

நூறு யென் கடைக்குப் போய், பொருள்களுக்கு அடியில் ஒட்டும் ஜெல் துண்டுகள் வாங்கிவந்தேன். ஒட்டினால் ஆட்டத்தில் நகராது என்று அட்டையில் போட்டிருந்தது. பொம்மையை எடுக்காமல் லேசாகச் சாய்த்து அடியில் ஒட்டினால் தோஷமில்லை என்று அத்தையும் இறங்கிவந்தார். பெட்டிகளைச் சுற்றி அவருடைய பழைய சேலையை இழுத்துக் கட்டினோம்.

"பிள்ளையாருக்கு ஒட்டாத. அவரு பாத்துக்கிடுவாரு."

அக்டோபர் 8, செவ்வாய்

இன்று ஓர் ஆட்டமும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. பிள்ளையாருக்கு அடியிலும் ஜெல் இருக்கிறது, நான் ஒட்டவில்லை.

அக்டோபர் 9, புதன்

ஒகாவாம்மா இரண்டு ஹெல்மெட் கொண்டுவந்து கொடுத்தார். அத்தை கொலுவைப் போய்ப் பிடிக்கிற கதையை அவரிடம் சொல்லி, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்தார். பிறகு சொன்னார். இளம் வயதில் வேறோர் ஊரில் இருந்தபோது வந்த நடுக்கம். கண்ணாடிப் பாத்திர அலமாரி சரிந்தது. அவருடைய அக்கா ஓடிப்போய் அதை இரண்டு கையாலும் பிடித்தாராம். அதற்கு மேல் ஒகாவாம்மா சொல்லவில்லை. நான் அப்படியே தமிழில் சொன்னேன்.

அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். அவர் படியிறங்கிப் போன பிறகு என்னிடம் சொன்னார்: "பாவம். ஆனா அவ அலமாரியும் நம்ம சாமியும் ஒண்ணா?"

பிடித்த முயலுக்கு மூன்றே கால். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆத்திரத்தில் வந்த அழுகை என்றுதான் நினைக்கிறேன்.

"ஏனுங்க இப்படிப் பண்றீங்க? ஒரு நாற்காலியில உக்கார்றது அவ்வளவு கஷ்டமா?"

"ஆமா, கஷ்டந்தான்." அத்தையின் குரல் நான் கேட்டதே இல்லாத அளவுக்கு ஏறியது. "மாமா போனதுல இருந்து எல்லாரும் என்ன உக்காரத்தான் சொல்லுதிய. நீங்க உக்காருங்க, நாங்க பாத்துக்கிடுதோம். வீட்டப் பூட்டும்போது உக்கார வச்சிய. பிளேன்ல உக்கார வச்சிய. இங்க வந்தா நீயும் அதத்தான் சொல்லுத. இப்ப தலையில தலகாணிய வேற கவுத்துக்கிட்டு உக்காரணுமாம். எனக்குக் கையும் காலும் எதுக்குட்டி இருக்கு?"

வெட்கமாக இருந்தது. நவராத்திரிக்கு முன்னால் ஒரு காய்கூட அவரை நறுக்க விட்டதில்லை. "நீங்க இருங்க அத்தை" என்று சொல்லிச் சொல்லியே மூலையில் உட்கார வைத்தேன். மரியாதை என்று சொல்லிக்கொண்டேன். என் சமையலறையில் இன்னொருத்தி வேண்டாம் என்பதுதான் நிஜம்.

ஒகாவாம்மா கொடுத்த தாளில் ஒரு விஷயம் போட்டிருந்தது. பெரிய ஆட்டத்தில் நிலைச்சட்டம் வளைந்தால் கதவு இறுகிவிடும், உள்ளே இருப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள், வாசலுக்குப் பக்கத்தில் இருப்பவர் முதலிலேயே கதவைத் திறந்துவிடுவது நல்லது. அதை இரண்டு தடவை படித்தேன்.

"அத்தை, ஒரு வேலை இருக்குதுங்க. என்னால ரெண்டு பக்கமும் பாக்க முடியாது. ஆட்டம் வந்தா உடனே வாசக் கதவைத் திறந்து, மூடிக்காம பிடிச்சுக்கணும்."

"தொறக்காட்டா?"

"கதவு சிக்கிக்குமுங்க. ரெண்டு பேரும் உள்ளயே கிடக்க வேண்டியதுதான்."

அத்தை கொலுவைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

"நான்தான் தொறக்கணுமா?"

"நீங்கதான்."

"சாவி எங்கன இருக்கு?" என்றார்.

அக்டோபர் 10, வியாழன்

காலையிலிருந்து கதவு படாத பாடு படுகிறது. கீலுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டாயிற்று. மூடாமல் இருக்க அடியில் செருகுவதற்கு மாறனின் பழைய செருப்பு தயார். ஹெல்மெட் கொக்கியில் தொங்குகிறது. வெளியே போகவிருந்த என்னை, "தாப்பாளச் சரியாப் போடத் தெரியல உனக்கு" என்று திரும்பக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தார்.

மதியம் ஆட்டம் வந்தது. நேற்று முன்தினம் வராமல் சேர்த்து வைத்திருந்ததோ என்னவோ, நன்றாகவே ஆட்டியது. நான் உள்ளறையிலிருந்து ஊர்ந்து நடைக்கு வந்து பார்க்கிறேன். கதவு விரியத் திறந்திருக்கிறது. தலையில் ஹெல்மெட்டோடு, நிலையைப் பிடித்துக்கொண்டு, சினிமாக் கொட்டகை வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் மாதிரி அத்தை நிற்கிறார். கொலுப் பக்கம் போகவே இல்லை.

"வெரசா வாட்டி! எம்புட்டு நேரமாத் தொறந்து வச்சிருக்கேன்!"

சந்தோஷத்தில் அவரைக் கட்டிக்கொண்டேன். ஹெல்மெட் என் மூக்கில் இடித்தது.

சாயங்காலம் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பொம்மைகளை ஒவ்வொன்றாகக் காட்டி யார் வாங்கியது, எந்த வருடம் என்று சொன்னார். கல்யாணமான வருடத்திலிருந்து மாமா நவராத்திரிக்கு ஒரு பொம்மை வாங்கிவருவாராம். பேரம் பேசத் தெரியாத மனிதர், எல்லாம் சொன்ன விலைக்கு வாங்கியது என்று திட்டினார். கடைசியாக வாங்கியது ராமர் பட்டாபிஷேகம், செட்டாக. உச்சிப் படிக்கு அடுத்த படியில் இருக்கிறது. கொஞ்ச நேரம் நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 11, வெள்ளி

எல்லோரையும் தங்கவைத்திருக்கும் பள்ளிக்கூட ஜிம் ஹாலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பேனா ஒகாவாம்மாவுடையது. நாங்கள் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிட வேண்டும்.

இன்று சரஸ்வதி பூஜை. என் ஆபீஸ் லேப்டாப்புக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, துண்டு போர்த்திக் கொலுவின் கீழ்ப் படியில் வைத்திருந்தார் அத்தை. இன்றைக்குத் தொடக் கூடாது. நானும் லீவு சொல்லியிருந்தேன். பூஜை முடிந்து அத்தை தட்டுகளைக் கழுவ எடுத்துக்கொண்டு போனார். நான் கூடத்தில் பூச்சருகு பொறுக்கிக்கொண்டிருந்தேன். போன் அலறியது.

அத்தை கதவுக்குப் போன சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விலகிய சத்தமும் கேட்டது. நான் நடைக்குப் போக வேண்டும். நான்கே எட்டு. ஆனால் லேப்டாப்பை எடுக்கப் போனேன். ஆபீஸ் சொத்து, எல்லா வேலையும் அதில்தான் இருக்கிறது. மாறனிடமும் இதைத்தான் சொன்னேன்.

ஆறு என்றால் ஆளால் நிற்க முடியாது என்பது உண்மை. தரை பக்கவாட்டில் இழுத்தது. முதலில் பிளேட்டுகள் உடைந்தன, பிறகு சமையலறை அலமாரி விழுந்தது. கொலு விழவில்லை, மொத்தமாக முன்னால் நகர்ந்தது. ஜெல் நன்றாகத்தான் ஒட்டியிருந்தது. பொம்மைகள் பெட்டியை விடவில்லை, பெட்டிகளே பொம்மைகளோடு சேர்ந்து வந்தன. கட்டியிருந்த சேலை கிழிந்த சத்தம் கேட்டது. ராமரும் சீதையும் என் முகத்துக்கு நேரே சாய்ந்தார்கள். நான் இரண்டு கையாலும் பிடித்தேன். நெஞ்சைக் கொடுத்து முட்டுக்கொடுத்தேன்.

"விடுட்டி!"

அத்தையின் குரல் பின்னாலேயே கேட்டது. கதவை விட்டுவிட்டு வந்திருக்கிறார், அந்த ஆட்டத்தில், அந்தக் காலோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு.

"மண்ணுட்டி அது! மண்ணு! விடு அந்தச் சவத்த!"

பட்டாபிஷேக ராமரைத்தான் சொன்னார். என் சடையைப் பிடித்து ஒரே இழுப்பு. நான் மல்லாக்க விழுந்தேன். நான் நின்ற இடத்தில் பெட்டிகள் இறங்கின. என்னை இழுத்த கையை அத்தை எடுத்துக்கொண்டார், சுவரைப் பிடித்திருந்த இடது கை மாட்டிக்கொண்டது. கத்தவில்லை. "அம்மாடி" என்று மட்டும் சொன்னார்.

அவரை இழுத்துக்கொண்டு நடைக்கு வந்து, மேலே கவிழ்ந்து மூடிக்கொண்டேன். மாறனின் செருப்பு கதவைப் பிடித்துக்கொண்டிருந்தது. நின்றதும் கேஸை மூடி, பையைத் தோளில் மாட்டி, ஒவ்வொரு படியாக அத்தையை இறக்கிக் கொண்டுவந்தேன். கீழே ஒகாவாம்மா கட்டடத்து ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கண்ணை மூடித் திறந்தார். மூன்றாம் மாடியில் இரண்டு வீட்டுக் கதவு இறுகிப்போய், ஆட்கள் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார்கள்.

அத்தையின் மணிக்கட்டு பூசணிப் பிஞ்சு போல வீங்கிவிட்டது. ஆம்புலன்ஸ்காரர் கட்டுப்போடும்போது உதவச் சொன்னார். அப்போதுதான் என் கையில் ஏதோ இருப்பதைப் பார்த்தேன். கலசத்துத் தேங்காய். எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை.

லேப்டாப் இன்னும் மேலேதான் கிடக்கிறது.

அக்டோபர் 12, சனி

அத்தையின் கையில் மாவுக்கட்டு. எலும்பு இரண்டு இடத்தில் விட்டிருக்கிறதாம், சேர்ந்துவிடும் என்கிறார் டாக்டர். மாறன் இன்று விமானம் ஏறுகிறான். போனில் அழுதான். அழட்டும்.

இன்று விஜயதசமி. சாயங்காலம் ஒரு பொம்மையைப் படுக்க வைத்துவிட்டுத்தான் கொலுவைக் கலைக்க வேண்டுமாம். கலைக்க ஒன்றும் பாக்கியில்லை. அத்தை பக்கத்துப் பாயில் இருந்தவரிடம் சைகையிலேயே கேட்டு, தேங்காயை உடைக்க வைத்து, சில்லு சில்லாக நறுக்கி ஹால் முழுக்கக் கொடுக்கச் சொன்னார். ஜப்பானியர்கள் இரண்டு கையாலும் வாங்கி, குனிந்து வணங்கிச் சாப்பிட்டார்கள். ஒகாவாம்மா இரண்டாவது துண்டு கேட்டார்.

"எல்லாம் உடைஞ்சு போச்சுங்க அத்தை. மாமா வாங்கினது எல்லாமே."

"உடைஞ்சா உடைஞ்சிட்டுப் போகுது. பாளையங்கோட்டைல வண்டி வண்டியா விக்கான்." சற்று நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே கேட்டார்: "லேப்டாப்பு எடுக்கத்தான் ஓடுனியாக்கும்?"

"ஆமாங்க."

"ம்" என்றார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஓர் ஆட்டம். ஹால் விளக்குகள் ஊசலாடின, குழந்தைகள் வீறிட்டார்கள், எல்லோரும் தலையைக் கையால் மூடிக் குனிந்தோம். அத்தை எங்கேயும் ஓடவில்லை. நல்ல கையால் என் சடையை எட்டிப் பிடித்துக்கொண்டார். விளக்குகள் நின்று வெகுநேரம் ஆகிவிட்டது. இன்னும் விடவில்லை. வலிக்கத்தான் செய்கிறது. இருக்கட்டும்.